மூன்றாவது வரிசை, ஓரத்து ஆள்

கோட்டக்காவைத் தெரியாதவர் அந்த ஸ்டூடியோவில் கிடையாது. கோடு போடுகிற அக்கா, அதனால் கோட்டக்கா. வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் அப்படித்தான். வயசு நாற்பத்தேழு. அதில் இருபத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலி. சக்கரம்தான் மூன்று தடவை மாறியிருக்கிறது.

அது கார்ட்டூன் படம் செய்கிற இடம். ஒரு உருவம் கையைத் தூக்குகிறது என்றால், கை கீழே இருக்கிற படத்தையும் மேலே போய்ச் சேர்ந்த படத்தையும் பெரிய ஆர்ட்டிஸ்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நடுவில் அந்தக் கை போகிற வழி முழுக்க, ஒவ்வொரு படமாக, கோட்டக்கா போட வேண்டும். படம் ஓடும்போது கை தூக்குவதுதான் தெரிய வேண்டும். நடுவில் ஒருத்தி உட்கார்ந்து மல்லுக்கட்டினாள் என்பது தெரியவே கூடாது, தெரிந்தால் அது தப்பு. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கெட்டிக்காரத்தனம். அந்த விஷயத்தில் கோட்டக்காவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

வீட்டிலும் அதே லட்சணம்தான். வீடு என்றால் ஒரு அறை. மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். கதவிலிருந்து அடுப்பு மேடைக்கு ஐந்து அடி எடுத்து வைத்தால் வீடு முடிந்துவிடும். டம்ளர் இரண்டு இருந்தது. ஒன்று புழங்கியது, மற்றது வாங்கிய நாளிலிருந்து அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார்கள். தொல்லை விட்டது என்று முதலில் நினைத்தாள். அப்புறம், கேட்கக்கூட ஒரு நாதி இல்லையே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் படியேறினால் திங்கட்கிழமை காலை வரை வாயைத் திறக்க வேலையில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சொல்லும்போது முதல் வார்த்தை தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். கண்டக்டர் "என்னது?" என்பார். கனைத்துக்கொண்டு மறுபடி சொல்வாள்.

சொந்தம் என்று ஒரே ஒரு அக்கா. விமானத்தில் போகிற தூரத்தில் இருந்தாள். அம்மா கடைசி ஆறு வருஷம் அந்த அக்கா வீட்டில்தான் இருந்தாள். கோட்டக்கா இதோ வருகிறேன், இந்தப் படம் முடியட்டும், அடுத்த மாசம் கண்டிப்பாக என்று தள்ளித் தள்ளி, அம்மாவை போனில் முகமாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தாலாவது சண்டை போட்டு, அழுது, ராசியாகியிருக்கலாம். அதற்குப் பிறகு மாசம் ஒரு போன். சாப்பிட்டியா, உடம்பு எப்படி, அங்கே மழையா. பத்து நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். இப்படியே ஒன்பது வருஷம் போயிருந்தது.

அப்போதுதான் அந்த ஏழு நிமிஷப் படம் வந்தது. டைரக்டர் முப்பது வயசுத் தம்பி, தலையில் ஒரு கொண்டை, மரியாதை தெரிந்த பிள்ளை. கதை இவ்வளவுதான்: ஒரு ஊரில் எல்லோருக்கும் ஒரே சாம்பல் கோட்டு, ஒரே நடை. ஒரு சின்னப் பெண் ஒருநாள் குதித்துக் குதித்து நடக்க ஆரம்பிக்கிறாள். ஊரே திரும்பிப் பார்த்து முறைக்கிறது. அவள் நிற்கவில்லை. கடைசியில் அவள் கோட்டு மட்டும் மஞ்சளாக மாறுகிறது. நீ நீயாக இரு என்பது சங்கதி.

அதைச் சொல்வதற்கு நாற்பது பேரை அச்சு அசலாக ஒரே மாதிரி வரைய வேண்டியிருந்தது, அதைத்தான் எங்கே போய்ச் சொல்வது. சாம்பல் கோட்டுக்காரர்களுக்கு ஒரு மாதிரிப் படம் சுவரில் ஒட்டியிருந்தது. முழங்கால் எவ்வளவு மடங்கும், கை எதுவரை வீசும், கோட்டில் பட்டன் எத்தனை, எல்லாம் அதில் இருந்தது. யாராவது ஆசைப்பட்டு ஒரு புருவத்தை லேசாக ஏற்றினால் போதும், தம்பி பின்னால் வந்து நின்றுவிடுவான். "அண்ணா, மாதிரியைப் பாருங்க. இவங்க யாருக்கும் சொந்தமா எதுவும் இருக்கக் கூடாது."

படம் கொடுக்க இரண்டு நாள் இருந்தபோது, கூட்டக் காட்சியில் ஒரு ஆளுடைய படங்கள் மட்டும் கம்ப்யூட்டரில் கெட்டுப்போயின. மூன்றாவது வரிசை, ஓரத்து ஆள். நான்கு செகண்ட் நடந்து போய்விடுவார். ஓரமாக வருவதால் கோணம் வேறு, பக்கத்து ஆளை எடுத்து ஒட்டவும் முடியாது. தம்பி முகத்தில் ஈயாடவில்லை. கோட்டக்காதான், "விடுங்க தம்பி, நான் போட்டுத் தரேன்" என்றாள்.

சுவரில் இருந்த மாதிரியைப் பார்க்க அவள் எழுந்திருக்கவில்லை. எட்டு மாசமாக அதே நடையைப் போட்ட கை, கண்ணை மூடினாலும் வரும் என்று ஒரு தெம்பு. நாற்பத்தெட்டுப் படத்தையும் ஒரே மூச்சில் போட்டாள். கை தேர்ந்தவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. நேற்று வேலைக்கு வந்தவன் என்றால் பயந்துகொண்டு மாதிரியைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருப்பான். தம்பியும் ஓட்டிப் பார்க்கவில்லை. கோட்டக்கா போட்டதை யாரும் சரிபார்ப்பதில்லை, அது அவளுக்கு அங்கே கொடுக்கிற மரியாதை.

முதல் காட்சிக்கு ஒரு சின்ன அரங்கத்தை எடுத்திருந்தார்கள். நூறு பேர் இருக்கும். கோட்டக்கா கடைசி வரிசையில், பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து மேஜையில் படங்களுக்குக் கலர் கொடுக்கிற கலர்க்காரியோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டக் காட்சி வந்தது. மூன்றாவது வரிசையில், ஓரமாக, கோட்டக்காவே நடந்து வந்தாள்.

முகம் வேறு, கோட்டு வேறு, நடை அவளுடையது. இடது கால் ஒரு கணம் தாமதித்துத் தரையைத் தொட்டது. வலது கை உடம்போடு ஒட்டாமல், எதையோ தூக்கிப் போவதுபோல் தள்ளி நின்றது. நாற்பது வயசுக்கு மேல் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்ட நடை. தினமும் காலையில் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவில் எதிரே வருவதுதான், அவளுக்கா தெரியாது.

ஐயையோ தப்புப் பண்ணிவிட்டோமே என்று முதலில் பதறினாள். அந்தப் பதற்றம் அடங்குவதற்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், வெட்கம் கெட்ட சந்தோஷம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு படத்துக்குள் இருந்தாள். நான்கு செகண்ட் என்றாலும் அவள்தான். விளக்கைப் போடும்வரை யாராவது கண்டுபிடித்துவிடப் போகிறார்களே என்று பயந்தாள். விளக்கைப் போட்டதும், யாராவது கண்டுபிடிக்க மாட்டார்களா என்று ஏங்க ஆரம்பித்தாள். ஊர் உலகம் வேண்டாம், ஒரே ஒருத்தர் போதும். "அக்கா, அது நீங்கதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மைக் கைக்குக் கை மாறியது. ஒரு அம்மாள், தன் மகளை இனி மிரட்டவே மாட்டேன் என்றார். ஒருவர், ஆபீஸில் நானும் சாம்பல் கோட்டுதான் என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர், ஆளாளுக்குக் குதித்தால் பஸ்ஸை யார் ஓட்டுவது என்று கேட்டுச் சிரிப்பை வாங்கினார். கலர்க்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல நடந்தாங்களே, அது எப்படி இருந்துச்சு?" என்று கோட்டக்கா மெல்லக் கேட்டாள்.

"எந்தக் கூட்டம்?"

"அதான், மூணாவது வரிசை, ஓரத்துல..."

"அட போங்கக்கா. அந்தப் பொண்ணைப் பார்க்கறப்ப கூட்டத்தை யாரு கவனிக்கறா?"



மறுநாள் ஸ்டூடியோவின் சொந்த இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டார்கள். கோட்டக்கா தன் அக்காவுக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது, அதோடு சரி. படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதுவதைப் படிப்பதுதான் அப்புறம் அவளுக்குப் பொழுது. பஸ்ஸில் படித்தாள், அடுப்பில் சோறு கொதிக்கும்போது படித்தாள், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தாள். ஒருத்தி மஞ்சள் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பியிருந்தாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து ஒருத்தனும் வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறான் என்று புலம்பியிருந்தார். எல்லோரும் அந்தச் சின்னப் பெண்ணில் தங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். கோட்டக்காவை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

பத்தாம் நாள் அது வந்தது. "மூணு நிமிஷம் நாற்பத்தொண்ணாவது செகண்ட். மூணாவது வரிசையில ஓரமா ஒருத்தர். அவருக்குக் கால் வலியா?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதற்குக் கீழே நிமிஷத்துக்கு ஒருவராக வந்து சேர்ந்தார்கள். கவனக்குறைவு என்றார் ஒருவர். கவனக்குறைவு இல்லை, அவரும் தனி ஆள்தான் என்று சூசகமாகச் சொல்கிறார்கள் என்றார் அடுத்தவர். அப்படியானால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன மரியாதை, படமே கெட்டது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கோட்டக்கா, "அது நான்தான்" என்று தட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். கோட்டக்கா கைவேலையை முடித்துவிட்டுப் போவதற்குள் அறையை இருட்டாக்கி, பெரிய திரையில் அந்த நான்கு செகண்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தார்கள். எட்டுப் பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலி நாற்காலி அந்தக் கோடியில் இருந்தது. அவள் திரைக்கு முன்னால் நடந்துதான் போக வேண்டும். போனாள். திரையில் இடது கால் தாமதித்து விழுந்தது. கீழே அவள் இடது கால் தாமதித்து விழுந்தது. அங்கே வலது கை தள்ளி நின்றது, இங்கேயும் நின்றது. இப்போது தெரிந்துவிடும், இதோ இப்போது தெரிந்துவிடும் என்று, வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகக்கூட நடந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, மறைக்குது" என்றாள் கலர்க்காரி.

கோட்டக்கா தள்ளிக்கொண்டாள். அந்த நிமிஷம் வரை தன்னைப் பார்க்க ஆளில்லை என்று வருத்தப்பட்டாளே தவிர, எதிரே நடந்தால்கூடத் தெரியாது என்று அவள் நினைத்ததில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே வராண்டாவில், ஒரே டீக்கடைக்கு, பக்கத்தில் பக்கத்தில் நடந்த மனுஷி கலர்க்காரி. நாற்காலியில் உட்கார்ந்தபோது கோட்டக்காவுக்கு அழுகைகூட வரவில்லை. அப்படி ஒரு வெறுமை.

"இதை யாரு போட்டதுன்னு..." என்று தம்பி தயங்கினான்.

"நான்தான் தம்பி. மாதிரியைப் பார்க்காம போட்டுட்டேன்."

"ஐயோ, உங்களைச் சொல்லலைக்கா. அவசரத்துல நடக்கறதுதான். ஆனா அந்தப் பொண்ணு ஒருத்திதான் வேற மாதிரி நடக்கணும். இன்னொருத்தர் அப்படி நடந்தா படமே நிக்காது. திருத்திடலாமா?"

அவன் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. படத்துக்கு அதுதான் நியாயம். கோட்டக்கா சாயங்காலத்துக்குள் திருத்திக் கொடுத்தாள். சுவர்ப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மாதிரியைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். முழங்கால் மடங்க வேண்டிய அளவுக்கு மடங்கியது, கை வீச வேண்டிய அளவுக்கு வீசியது. ஓரத்து ஆள் நாற்பதில் ஒருவராகிவிட்டார். தப்பான படங்களை அன்றைக்கே அழித்துவிடுவது அங்கே வழக்கம். இல்லாவிட்டால் பழசும் புதுசும் கலந்து உயிரை வாங்கும். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. அவள் கொஞ்சம் யோசித்தாள். யாருக்காக வைத்துக்கொள்வது என்று தோன்றியது. அழித்தாள்.

தம்பி ஓட்டிப் பார்த்து, "நீங்க கை வெச்சா வெச்ச இடமே தெரியாதுக்கா" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டார்கள். கீழே எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது. புதுசாக வந்தவர்கள் நாற்பத்தொண்ணாவது செகண்டைத் தேடிப் பார்த்துவிட்டு, எல்லோரும் ஒழுங்காகத்தானே நடக்கிறார்கள், இவர்கள் எல்லாம் கனவு கண்டார்களா என்று கிண்டல் பண்ணினார்கள். கோட்டக்கா அதையும் படித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். போன் அடித்தது. மாசத்தில் பேசுகிற நாள் அது இல்லை, ஆனாலும் அக்காதான்.

"படத்தை மாத்திட்டீங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில். சாப்பிட்டாயா இல்லை, மழையா இல்லை.

"எந்தப் படத்தை?" என்று கனைத்துக்கொண்டு கேட்டாள். வாரக் கடைசியில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உன் படத்தைத்தாண்டி. மூணாவது வரிசையில ஓரமா போவாங்களே. இன்னிக்குப் போட்டா வேற யாரோ போறாங்க."

கோட்டக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "நீ கவனிச்சியா?"

"கவனிச்சியாவா? தினம் காலையில எழுந்ததும் அந்த நாலு செகண்டைப் பார்த்துட்டுத்தான் மத்த வேலை. அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆனான்னு எனக்கு இன்னும் தெரியாது, கோவிச்சுக்காத."

ஒரே ஒருத்தர் போதும் என்றாளே, அந்த ஒருத்தர் கிடைத்துவிட்டார். "அக்கா, அது வந்து..."

"அம்மாவை எதுக்குடி எடுத்துட்டே?"

"அம்மாவா?"

"பின்னே யாரு? இடது காலைத் தாமதமா வெச்சு, பை இல்லாதப்பவும் பை தூக்கற மாதிரி கையைத் தள்ளி வெச்சுக்கிட்டு. எங்க வீட்டு வராண்டாவுல ஆறு வருஷம் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒண்ணுதான் எனக்குப் பிடிபடலை. நீ அப்ப வரவே இல்லை. போன்ல முகத்தைத்தான் பார்ப்பே. நடையை எப்படிப் போட்டே?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். அதனால் ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து வலித்தது.

தன்னுடையது என்று அவள் நினைத்தது இந்த உலகத்தில் நான்கு செகண்ட். அதுவும் அவளுடையது இல்லையாம். அழுகை அப்போதுதான் வந்தது, இத்தனை நாள் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது.

"அது அம்மா இல்லைக்கா" என்றாள். "நான். நான் அப்படித்தான் நடக்கறேன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"பழசு இருக்குமில்ல?" என்றாள் அக்கா கடைசியாக. "எனக்கு அனுப்பு."

"அழிச்சிட்டேன்."

"யாரு அழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானேதான்."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, போனை எங்கேயாவது நிக்க வெச்சிட்டு நட. நான் பார்க்கறேன்" என்றாள்.

கோட்டக்கா அலமாரியில் கவிழ்ந்து கிடந்த இரண்டாவது டம்ளரை எடுத்துக் கதவோரம் நாற்காலியில் வைத்து, வீடியோவைப் போட்டு, போனை அதன்மேல் சாய்த்து வைத்தாள். அக்கா முகம் தெரிந்தது. நன்றாக நரைத்திருந்தது. கோட்டக்கா நேராக நின்று, கையை ஒழுங்காக வீசி, அடுப்பு மேடை வரை நடந்து காட்டித் திரும்பி வந்தாள்.

"என்னடி இது பரேடு? அடுப்புல ஏதோ கொதிக்குது பாரு. போய் அணைச்சிட்டு வா."

தண்ணீர் வழிந்துவிடப் போகிறதே என்று கோட்டக்கா பரேடை மறந்து தன் நடையில் போனாள், அணைத்தாள், திரும்பினாள். போனுக்குள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா?"

"ஒண்ணுமில்லை" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை போ."

அறை ஐந்து அடிதான். கோட்டக்கா போனாள், வந்தாள். மறுபடி போனாள்.